'பர்க்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத் தலையங்கம் ஒன்றில் விசாரணையை யாரோ 'பர்க்' செய்யப் பார்ப்பதாக எழுதியிருந்தார்கள். அகராதியைத் திறந்த பிறகுதான் விளங்கியது. தமிழில் ஒரே சொல் போதும்: அமுக்குவது. 'கேஸை அமுக்கிட்டாங்க' என்கிறோமே, அதேதான்.

ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அமுக்கப்பட்டது வழக்கு இல்லை, ஆள்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அப்போது மருத்துவ மாணவர்கள் ஏராளம். அறுத்துப் படிக்கப் பிணங்கள்தான் போதவில்லை. 1827 இறுதியில் வில்லியம் ஹேர் என்பவரின் விடுதியில் தங்கியிருந்த முதியவர் நோயில் இறந்தார். அவர் வைத்த வாடகை பாக்கி 4 பவுண்டு. பாக்கியை ஈடுகட்ட, ஹேரும் அவருடைய கூட்டாளி வில்லியம் பர்க்கும் உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறு வகுப்புக்கு விற்றார்கள். கிடைத்தது ஏழரைப் பவுண்டு. அப்புறம் யாரும் தானாகச் சாகும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 1828-இல் மட்டும் 16 பேரைக் கொன்றார்கள். குடிக்கக் கொடுத்து, போதை ஏறியதும் ஒருவர் மேலே விழுந்து அழுத்த, மற்றவர் மூக்கையும் வாயையும் பொத்துவார். உடலில் காயம் இருக்காது. சந்தேகமும் வராது, விலையும் குறையாது.

பிடிபட்டதும் ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பித்துக்கொண்டார். பர்க்கை 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிட்டார்கள். கூடியிருந்த கூட்டம் "அவனை பர்க் பண்ணு, கயிறு கொடுக்காதே" என்று கத்தியதாக அந்நாளைய லண்டன் பத்திரிகையில் செய்தி வந்தது. ஆள் உயிரோடு இருக்கும்போதே பெயர் வினைச்சொல்லாகிவிட்டது! அவர் உடலையும் அறுத்துப் பாடம் நடத்தினார்கள். எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆளை அமுக்குவது பிறகு விஷயத்தை அமுக்குவதாக மாறியது. வெளிப்படையாகத் தடுப்பதற்கு இந்தச் சொல் பொருந்தாது. தடயமே இல்லாமல், சத்தமில்லாமல் மூச்சை நிறுத்துவதுதான் பர்க்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு, கொல்லப்பட்டவர்களில் ஒருவனான ஜேமி வில்சன்தான் நினைவுக்கு வருகிறான். மனவளர்ச்சி குன்றியவன், தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பையன். மேசையில் கிடந்த உடல் அவனுடையது என்று மாணவர்கள் சிலர் அடையாளம் சொன்னார்களாம். நாக்ஸ் மறுத்துவிட்டார். அவர்மீது கடைசிவரை வழக்கே இல்லை.