டன்னல் மக்கை காஞ்ச ஓடைல கொட்டலாமா?

உத்தராகண்ட்ல போடற ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில் லைன்ல சைட் இன்ஜினியரா இருக்கற ஒரு தம்பி கேட்டிருக்கார்: "டன்னல் மக் (சுரங்கம் குடையறப்ப வர்ற கல்லு மண்ணு) கொட்டறதுக்கு ஒரு காஞ்ச ஓடைய காட்டறாங்க, அடியில கேபியன் சுவர் (கம்பி வலைக்கூடைல கல்லு ரொப்பி அடுக்கற சுவர்) கட்டிடலாம்ங்கறாங்க, சரின்னு சொல்லலாமா?"

தம்பி, சுவர அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல ஓடைக்கு மேல ஏறிப் போங்க. எவ்வளவு பரப்புல பெய்யற மழை அதுக்குள்ள எறங்குதுன்னு தெரியாம தலையாட்டிடாதீங்க. மே மாசம் காஞ்சு கெடக்கறது ஆகஸ்ட்ல என்ன ஆட்டம் ஆடும்னு அங்க டீக்கடை வச்சிருக்கறவருக்குத் தெரியும், ஓடை நடுவுல ஆள் உசர பாறை உருண்டு கெடந்தா அவரையும் கேக்க வேணாம்.

அளவையும் கணக்கு போடுங்க. 125 கிமீ லைன்ல 100 கிமீக்கு மேல சுரங்கம்தான். 8 மீட்டர் விட்டத்துல ஒரு கிமீ குடைஞ்சா 50,000 கன மீட்டர் பாறை, ஒடைச்சா உப்பி ஒன்றரை மடங்காயிடும், டிப்பருக்கு 12 கன மீட்டர்னு வச்சாலும் 6,000 லோடுக்கு மேல. அதுலயும் அந்தப் பக்கம் பல எடத்துல ஃபில்லைட், ஏடு ஏடா உரியற கல்லு, கொட்டறப்ப கல்லாத்தான் இருக்கும், நாலு மழை நனைஞ்சா சேறு.

டிப்பர் கொட்டின வாக்குல 35 டிகிரில குவியல் நிக்குதேன்னு நம்பக்கூடாது, அது விழாம நிக்கற கடைசி கோணம். 2-க்கு 1 சரிவு (ரெண்டு மீட்டர் தள்ளிப் போனா ஒரு மீட்டர் ஒசரம்), நடுநடுவுல படி, லேயர் லேயரா ரோலர், மேல வர்ற தண்ணிய சுத்தி விட தனி வாய்க்கால், இதெல்லாம் வேணும். அடியில ஊத்து கசிஞ்சா அந்த எடமே வேணாம். 1966-ல வேல்ஸ்ல அபர்ஃபான்ல ஊத்து மேல கொட்டின நிலக்கரிக் கழிவு சரிஞ்சு 144 பேர் செத்தாங்க, 116 பேர் கொழந்தைங்க.

கீழ ஆறு எவ்வளவு தூரம்ங்கறத விட, வெள்ளம் எவ்வளவு ஒசரம் ஏறும்ங்கறதுதான் முக்கியம். 2013 ஜூன்ல உங்க லைன் போற ஸ்ரீநகர்லயே (காஷ்மீர் இல்ல, உத்தராகண்ட் ஸ்ரீநகர்), ஒரு நீர்மின் திட்டத்தோட மக்கை அலக்நந்தா அடிச்சிட்டு வந்து வீடுகள்ல ரொப்பிடுச்சு, 2016-ல பசுமைத் தீர்ப்பாயம் 9.26 கோடி ரூபாய் நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு.

குவியல்லேந்து கசியற தண்ணில, அமிலமா காரமான்னு காட்டற பிஎச் பேப்பர் நனைச்சும் பாருங்க, ஷாட்கிரீட் (சுரங்கச் சுவர்ல பீச்சியடிக்கற கான்கிரீட்) சிமென்ட் கலந்திருந்தா காரத்தன்மை எகிறும்.

வேற எடமே இல்லன்னு அடம் புடிச்சா ஓடையோட வெள்ளக் கணக்க எழுத்துல கேளுங்க, அது கைக்கு வர்ற வரைக்கும் ஒரு லோடு கூட எறக்க விடாதீங்க.