வேலையை விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைதான் ஷூட்டிங்

கேள்வி: கம்பனி வேலையை விட்டுவிட்டு நடிப்பு, சொந்தப் படம் என்று இறங்கலாமா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சரிவருமா?

நான் விட்டேன். ஆறு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் இங்குள்ள கிளையில் இருந்தவன். இனி முழுநேரமும் படம்தான் என்று நினைத்தேன். ஆனால் என் படத்தில் அம்மாவாக வருபவர் ஆசிரியை, கமரா பிடிப்பவர் வங்கியில் வேலை, அப்பாவாக வருபவர் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர். அவர்களும் வேலையை விடவில்லையே! ஞாயிறும் போயா (பௌர்ணமி விடுமுறை) தினமும்தான் ஷூட்டிங். மற்ற நாளெல்லாம் நான் மட்டும் சும்மா.

விறாந்தையில் அம்மா சாவுச் செய்தி கேட்கும் காட்சி, இரண்டே நிமிடம். முதல் டேக்கில் கோயில் லவுட்ஸ்பீக்கர். இரண்டாவதில் அவர் கண் கலங்கி வாய் திறக்க, பாண் விற்கும் ஓட்டோ பீத்தோவன் மெட்டை வாசித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. அவருக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை, வெளிச்சமும் போய்விட்டது. அடுத்த ஞாயிறு அப்பாவுக்கு டியூட்டி, அதற்கடுத்த ஞாயிறு மழை. ஒரு மாதம் போனது.

நானும் நடித்தேன். பள்ளிக்கூட மேடையில் கடைசி வாங்குக்குக் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை. கமரா முழங்கை தூரத்தில் நிற்கிறது என்று அதற்கு விளங்க நிறைய நாள் எடுத்தது.

காசு விஷயம். ஈபிஎஃப்பை (ஊழியர் சேமலாப நிதி) நம்பி இறங்காதீர்கள். வேலையை விட்டதற்காக அதைத் தரமாட்டார்கள். பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதாக வேண்டும். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) எடுக்கலாம், அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. முதலாளி கட்டுவது சம்பளத்தின் 3 வீதம்தான் என்பதால் பெரிய தொகை வராது. எனக்கு வந்தது ஒரு மைக்குக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் சரி.

இப்போது சோறு போடுவது கலியாண வீடியோ. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, கை காயும். படம் எடுக்க நேரம் இருக்குமே என்பீர்கள். மார்கழியில் மழை. ஆடிப் பிற்பகுதியில் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழா, எங்கள் பக்கம் ஒலிப்பதிவை நினைக்கவே முடியாது.

2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவில் வெளியூர்ப் படங்கள் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் முதல் குறும்படத்துக்கு ராஜினாமா தேவையே இல்லை. ஞாயிறுகளில் எடுங்கள். ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு நாலைந்து புக்கிங் முற்பணத்தோடு கைக்கு வந்த பிறகு கடிதத்தைக் கொடுங்கள். அதுவரைக்கும் அம்மாவிடமும் சொல்லவேண்டாம்.