தென்னாப்பிரிக்காவில் உள்ளூர் துப்பாக்கிச் சுடும் போட்டிகளை நடத்துவது யார்? அவர்களுக்குச் சம்பளம் உண்டா?

சம்பளமெல்லாம் கிடையாது. சில இடங்களில் போட்டிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள், மதியம் ஒரு பூர்வோர்ஸ் ரோல் (பன்னுக்குள் வைத்த இறைச்சி சாசேஜ்) கிடைக்கும், அவ்வளவுதான். நடத்துவது யார் என்றால், அன்றைக்குச் சுட வந்திருக்கும் அதே ஆட்கள்தான்.

நான் இருப்பது டர்பனில். பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிற வழியில் உள்ள ஒரு கிளப்பில் ஐ.பி.எஸ்.சி. முறைப் போட்டிகளுக்கு, அதாவது ஓடியாடிச் சுடும் போட்டிகளுக்கு, வேலை செய்கிறேன். ஊரில் இதைச் சொன்னால் 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா அசையாமல் நின்று சுட்டாரே, அதுவா என்று கேட்கிறார்கள். அது வேறு, இது வேறு. இங்கே டைமர் 'பீப்' என்றதும் ஓட வேண்டும், தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிச் சுட வேண்டும், ஓடிக்கொண்டே மேகசின் (தோட்டாக் கூடு) மாற்ற வேண்டும். எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது 'ஹிட் ஃபேக்டர்'. பதினாறு இலக்கு அட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டு, எல்லாம் நடு மண்டலத்தில் என்றால் 160 புள்ளி. அதை 20 நொடியில் முடித்தால் 8. இந்த நாட்டில் இந்த விளையாட்டுக்கு நல்ல வேர் உண்டு. 2002இல் உலகப் போட்டியே இங்கே பீட்டர்ஸ்பர்க்கில், அதாவது இன்றைய போலொக்வானேயில்தான் நடந்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலை சனிக்கிழமையே தொடங்கிவிடும். ஒருவர் காகிதத்தில் வரைந்து அனுப்பிய ஸ்டேஜை, அதாவது ஒரு சுற்றுக்கான களத்தை, தரையில் கட்ட வேண்டும். மரச்சட்டம், ஷேட் நெட், பழைய டயர், நீல பிளாஸ்டிக் டிரம். கட்டி முடித்த பிறகுதான் சிக்கல் தெரியும். வரைந்தவர் ஆறடி ஆள், வலக்கைக்காரர். இடக்கைக்காரர் அந்த மூலையில் மேகசின் மாற்றினால் குழல் எந்தப் பக்கம் திரும்பும்? குள்ளமான ஒருவர் எட்டிப் பார்த்தால் குண்டு மண்மேட்டுக்கு மேலே போகுமா? இரும்புத் தகட்டுக்கு 7 மீட்டருக்குள் யாரும் நெருங்க முடியாதபடி கோடு போட்டிருக்கிறதா? இதையெல்லாம் வெறுங்கையோடு நடந்து நடந்து பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் போட்டியின் பாதுகாப்பில் பாதி சனிக்கிழமையே முடிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கத்துவதெல்லாம் மிச்சப் பாதிக்குத்தான்.

அந்த மிச்சப் பாதியைச் சுமப்பவர் ரேஞ்ச் ஆபீசர், சுருக்கமாக ஆர்.ஓ. வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, அனுபவசாலிகளின் கண்பார்வையில் வேலை செய்து காட்டித்தான் இந்தப் பொறுப்புக்கு வர முடியும். சுடுபவர் ஆப்பிரிகான்ஸ்காரரோ, ஜூலுவோ, நம்மவரோ, கட்டளை எல்லாருக்கும் ஒன்றுதான். 'லோட் அண்ட் மேக் ரெடி', 'ஆர் யூ ரெடி', 'ஸ்டாண்ட்பை'. அதற்குப் பிறகு ஒன்று முதல் நான்கு நொடிக்குள் பீப். வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லாரும் அட்டையைப் பார்ப்பார்கள். ஆர்.ஓ. அட்டையைப் பார்க்கவே கூடாது. அவர் கண் துப்பாக்கியிலும் விரலிலும் இருக்க வேண்டும். ஓடும்போது விரல் டிரிக்கர் வளையத்துக்குள் இருக்கிறதா, குழல் பக்கவாட்டில் 90 டிகிரியைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் 'ஸ்டாப்', அன்றைய போட்டி அவருக்கு முடிந்தது. இருநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவராக இருந்தாலும் சரி, நேற்று உங்கள் வீட்டில் சாப்பிட்டவராக இருந்தாலும் சரி. இதைச் சொல்ல மனசு வராதவர்கள் ஆர்.ஓ. வேலைக்கு வர வேண்டாம். பிற வேலைகள் நிறைய இருக்கின்றன.

வாக்குவாதம் அதிகம் வருவது பாப்பரில். பாப்பர் என்பது அடித்தால் மல்லாந்து விழும் இரும்பு இலக்கு. சில நேரம் குண்டு பட்டும் விழாமல் நிற்கும். சுட்டவர் ஆட்சேபித்தால் அதை யாரும் தொடக் கூடாது. இதற்கென்றே வைத்திருக்கும் மிதமான தோட்டாவால் அதிகாரி ஒருவர் சுட்டுப் பார்ப்பார். விழுந்தால் பாப்பர் சரி, சுட்டவருக்கு அது குறி தவறியதாகக் கணக்கு. விழாவிட்டால் பாப்பர்தான் கோளாறு, அவர் ஸ்டேஜை மறுபடி சுட வேண்டும். அந்த ஒரு குண்டுக்காக மொத்த ஸ்குவாடும் (சேர்ந்து சுடும் குழு) மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது பேட்ச் ஒட்டுவது. ஸ்கோர் எடுத்ததும் அட்டையின் ஒவ்வொரு ஓட்டையிலும் பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, இரும்பை நிமிர்த்தி, வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும். கோயில் அன்னதானத்தில் பரிமாற ஆள் முண்டியடிக்கும், இலை எடுக்க யாரும் இருக்க மாட்டார்களே, அதே கதைதான். ஒரு ஓட்டை விடுபட்டு, அது யாருடையது என்று தீர்க்க முடியாமல் போனால் அடுத்தவர் முழு ஸ்டேஜையும் திரும்பச் சுட வேண்டியிருக்கும். தோட்டா அவர் காசு. பேட்ச் ஒட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோன் பார்ப்பவர்களைப் பற்றி என் கருத்தை இங்கே எழுதினால் பதிலை நீக்கிவிடுவார்கள்.

டர்பன் பக்கம் மழை வேறு. கோடை மழையில் அட்டை ஊறினால் எந்த ஸ்டிக்கரும் ஒட்டாது. ஒவ்வொரு அட்டைக்கும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பை மாட்ட வேண்டும், பை கிழிந்ததும் மாற்ற வேண்டும்.

ஸ்கோர் இப்போது டேப்லெட்டில். எங்கள் கிளப்பில் அதைப் பார்த்துக்கொள்பவர் டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த அக்கா ஒருவர். அவருடைய பாட்டி பேசிய தமிழில் மிச்சமிருப்பதை என்னிடம் மட்டும் எடுத்து விடுவார். "தம்பி, அந்த மூணாவது ஸ்டேஜ் கணக்கு வரல, ஓடு" என்றால் ஓட வேண்டியதுதான். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இலும் அவர் கணக்கு நின்றதில்லை. ஒரு பெட்டி நிறைய பவர் பேங்க் கொண்டு வருவார்.

அவர் கையில் இருக்கும் வருகைப் பதிவுக்கு இந்த நாட்டில் சட்டக் கனம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முதலில் தகுதிச் சான்றிதழ், பிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி லைசென்ஸ். தற்காப்புக்கு 13ஆம் பிரிவு. எப்போதாவது வேட்டைக்கோ போட்டிக்கோ போகிறவருக்கு 15. தொடர்ந்து விளையாடும் 'டெடிகேட்டட்' வீரருக்கு 16. இந்தக் கடைசி வகைக்கு, இவர் எங்கள் உறுப்பினர் என்று அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் தலைவரோ அவர் எழுத்தில் நியமித்தவரோ சத்தியப் பத்திரம் தர வேண்டும். மற்றவர்கள் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்க முடியாது. 16ஆம் பிரிவுக்காரருக்கு அந்த வரம்பு இல்லை. பயிற்சிக்கும் போட்டிக்கும் சுடுகிறவருக்கு 200 எந்த மூலைக்கு? ஆகவே அந்த அந்தஸ்துக்கு மதிப்பு அதிகம், அதற்கு ஆதாரம் இந்தப் பதிவுதான்.

2021 ஜூலையில் இந்தப் பக்கம் நடந்த கலவரத்துக்கும் சூறையாடலுக்கும் பிறகு எங்களிடம் புதுமுகங்கள் நிறைய வந்தார்கள், நம்மவர்களும்தான். பயத்தில் வந்தவர்களில் சிலர் விளையாட்டில் ஊன்றிவிட்டார்கள். சிலருக்குக் கையெழுத்து மட்டும் போதும். "காலைல வந்தேன்னு எழுதிக்கோங்க அக்கா, ஒரு கல்யாணம் இருக்கு" என்று ஒருவர் கேட்டார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சுட்டா எழுதுவேன்." அந்த ஆள் அப்புறம் கிளப்பைப் பற்றி ஊரெல்லாம் குறை சொன்னார். சொல்லட்டும். பொய்ப் பதிவு ஒன்று வெளியே வந்தால் அடிபடுவது அவர் இல்லை, சங்கம்.

இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஒன்று. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாமல் தகுதிச் சான்றிதழே கிடைக்காது. பொதுவாக 21 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தால் அவர் துப்பாக்கியால் நீங்கள் சுட்டுப் பழகச் சட்டம் இடம் தருகிறது. பேட்ச் ஒட்டவும் டிரம் உருட்டவும் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. நானே அப்படித்தான் உள்ளே வந்தேன். வசிப்புரிமை கைக்கு வருவதற்குள் விதிகள் பாதி மனப்பாடம். காசு கொடுத்து நேராகச் சுட வந்தவர்களைவிட எனக்கு இது எளிதாக இருந்தது என்றே சொல்வேன்.

வர நினைத்தால் சனிக்கிழமை பிற்பகல் ஸ்டேஜ் கட்டும் நேரத்துக்கு வாருங்கள். ஞாயிறு காலையில் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. தொப்பி, தண்ணீர், பாதம் மூடிய ஷூ கட்டாயம். கண் கண்ணாடியும் காது மூடியும் கிளப்பில் இரவல் தருவார்கள். வேலைக்கான கையுறையை மட்டும் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள், எங்கள் பெட்டியில் ஜோடியாக ஒன்றும் கிடைக்காது.