கல்யாணத்துக்குப் பெரிய ஹல்லா: கேள்வி பதில்

யூதக் கல்யாண விருந்து தொடங்கும்போது ஆசி சொல்லி வெட்டுகிற சடை ரொட்டிதான் ஹல்லா. டொராண்டோவில் ஒரு கோஷர் (யூத உணவு விதிப்படி நடக்கிற) பேக்கரியில் மாவு பிசைகிறவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்னோடு வேலை செய்கிற தோழிக்குக் கல்யாணம், 150 பேர் வருகிறார்கள். வீட்டு ஓவனிலேயே ஒரே பெரிய ஹல்லாவாகச் சுட்டுக் கொடுக்கலாமா?

பதில்: மாவில் கை வைக்கும் முன் மண்டபத்தில் கேளுங்கள் தங்கச்சி. கோஷர் மேற்பார்வை உள்ள மண்டபம் என்றால் வீட்டில் சுட்டதை உள்ளே விடமாட்டார்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. சமையல் எடுத்திருப்பவர்களின் அடுப்படிக்கே போய்ப் பின்னிக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், ஓவனை அவர்கள் ஆள் மூட்டிவிடுவார். தோழி வீட்டில் இதெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்றால் பிரச்சினையே இல்லை. ஆனால் 150 பேருக்கும் ஒரே ரொட்டி வேண்டாம். வெட்ட ஒன்று பெரிதாக, மேசைக்கு மேசை குட்டி ரொட்டிகள், அது போதும்.

கேள்வி: அந்தப் பெரியதுக்கு அளவு சொல்லுங்கள்.

பதில்: ரொட்டி மாவு 1.5 கிலோ, தண்ணீர் 630 மில்லி, முட்டை 5, எண்ணெய் 150 கிராம், சர்க்கரை 180, உப்பு 28, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 12. வீட்டு மிக்சர் இதை ஒரே தடவையில் தாங்காது, இரண்டாகப் பிசைந்து சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டில் மூலைக்கு மூலை வைத்தால் 50 செ.மீ. நீளம் வரும்.

கேள்வி: வெண்ணெய் போட்டால் மணமாக இருக்குமே?

பதில்: வேண்டவே வேண்டாம். விருந்தில் இறைச்சி இருக்கும், அதோடு பால் பொருள் சேரக்கூடாது. முட்டையையும் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்துப் பாருங்கள், ரத்தப் புள்ளி இருந்தால் அது ஆகாது.

கேள்வி: ஆறு இழை பின்னினால் எனக்குப் பக்கவாட்டில் கிழிந்துவிடுகிறது. மேலே கருகி உள்ளே பச்சையாகவும் இருக்கிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு. கிழிவது பெரும்பாலும் இறுக்கிப் பின்னுவதாலும், பின்னிய பிறகு போதுமான அளவு உப்ப விடாததாலும்தான். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, முக்கால்வாசி திரும்பி வரவேண்டும், அதுதான் ஓவனுக்குள் போகும் நேரம். இழை ஒவ்வொன்றும் 450 கிராம், நடுவில் தடித்து நுனியில் மெலிந்து இருக்கட்டும், மேலே லேசாக மாவு தூவினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னல் மறையாது. அப்புறம் வலது ஓர இழையை இரண்டுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ், இரண்டுக்கு மேல் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தடவையும் வலதிலிருந்துதான், கை பழகிவிட்டால் எண்ணவே தேவையில்லை. கருகுவதற்குச் சூடுதான் காரணம், சின்ன ரொட்டிக்கு வைக்கிற 190 டிகிரி செல்சியஸ் இதற்கு ஆகாது. 175-ல் இருபது நிமிடம், பிறகு 160-க்கு இறக்கி, நிறம் பிடித்ததும் ஃபாயில் மூடிவிடுங்கள். மொத்தம் ஒரு மணி நேரம் பிடிக்கும், ஆனால் கடிகாரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நடுவில் குத்துங்கள், 90 டிகிரி காட்டினால்தான் வெளியே எடுக்கலாம்.

கேள்வி: மாவில் ஒரு துண்டைக் கிள்ளி எரிப்பார்களாமே?

பதில்: ஆமாம், மாவு அதிகமானால் ஒரு சிறு துண்டைப் பிரித்து எரிப்பது அவர்கள் வழக்கம். எவ்வளவு மாவிலிருந்து, எந்த அளவுக்கு ஆசி சொல்லவேண்டும் என்பது மரபுக்கு மரபு மாறும், அதனால் தோழி வீட்டாரிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: முந்தின நாளே சுடலாமா?

பதில்: தாராளமாக. கம்பித் தட்டில் நாலைந்து மணி நேரம் முழுதாக ஆறவிட்டுத்தான் மூடவேண்டும், இல்லாவிட்டால் வியர்த்து மேல்தோல் சுருங்கிவிடும். கொண்டுபோகும்போது அடியில் ஒரு மரப்பலகை வையுங்கள், கையில் தூக்கினால் நடுவில் முறியும்.