‘ட்ரம்பெட்’ என்பதற்கு எக்காளம் என்ற ஒரு சொல் போதுமா?

‘ட்ரம்பெட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி எக்காளம் என்று பொருள் தருகிறது. ஆனால் அதே சொல் யானையின் குரலுக்கும், ஒரு பூவுக்கும், காது மந்தமானவர்கள் வைத்துக்கொண்ட கருவிக்கும், தற்பெருமை பேசுவதற்கும் வருகிறதே, இவை அனைத்துக்கும் பொருந்தும் ஒரு தமிழ்ச்சொல் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்று வழங்கும் தமிழில் அப்படி ஒரு சொல் இல்லை. ஆனால் பழந்தமிழில் அதற்கு மிக நெருங்கிய ஒரு சொல் இருந்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டு இருபது ஆண்டுகளாக இந்தச் சொல்லோடு அடிக்கடி மோதியிருக்கிறேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தச் சொல்லை நான் முதலில் சந்தித்தது ஆங்கிலத்தில் அன்று, தமிழ் வேதாகமத்தில். சிறுவயதில் ஞாயிறு ஆராதனையில் மத்தேயு ஆறாம் அதிகாரம் வாசிக்கப்பட்டபோது, தர்மம் செய்கிறவன் ‘உனக்கு முன்பாகத் தாரை ஊதுவியாதே’ என்ற வரி எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த தாரை, கண்ணீர்த் தாரையும் கன்னிகாதானத்தில் வார்க்கும் தாரையும்தான். நீரை எப்படி ஊதுவது என்று அப்பாவிடம் கேட்டேன். தாரை தப்பட்டை முழங்க என்று சொல்கிறோமே, அந்தத் தாரை ஒரு நீண்ட ஊதுகருவி என்று அவர் விளக்கிய பிறகுதான், நாள்தோறும் காதில் விழும் ஒரு தொடருக்குள் ஒரு வாத்தியம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஆங்கில வேதாகமத்தில் அந்த இடத்தில் இருப்பது ட்ரம்பெட். ஆங்கிலேயர் தற்பெருமைக்காரனைத் தன் ட்ரம்பெட்டைத் தானே ஊதுகிறவன் என்கிறார்கள்; நாமோ சுயதம்பட்டம் அடிக்கிறான் என்கிறோம். தம்பட்டம் தோற்கருவி. ஊரைக் கூட்டிச் செய்தி சொல்ல அங்கே குழல் ஊதப்பட்டது, இங்கே பறையும் தம்பட்டமும் அறையப்பட்டன. அந்த வேறுபாடு அப்படியே வசைச்சொல்லிலும் தங்கிவிட்டது. ஆகவே அந்த ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கும்போது ஊதுகருவியைத் தேடவே வேண்டாம், தம்பட்டமே சரியான மொழிபெயர்ப்பு என்பது என் கருத்து.

வேதாகமத்தை இன்னும் கொஞ்சம் பார்ப்பது பயன் தரும். எண்ணாகமம் பத்தாம் அதிகாரத்தில் சபையைக் கூட்டுவதற்கும் பாளயங்களைப் பயணப்படுத்துவதற்கும் மோசே செய்த வெள்ளிக் கருவிகளைத் தமிழ் வேதாகமம் பூரிகைகள் என்கிறது. எரிகோவின் மதிலைச் சுற்றி ஆசாரியர்கள் ஊதியவை கொம்பு எக்காளங்கள். எபிரெயத்தில் இவை இரண்டும் வெவ்வேறு கருவிகள்: முன்னது உலோகத் தகட்டில் அடித்துச் செய்த நேரான குழல், பின்னது ஷோபார் எனப்படும் ஆட்டுக்கடாவின் கொம்பு. முன்னதன் வடிவத்தை ரோமில் உள்ள டைட்டஸ் வளைவின் புடைப்புச் சிற்பத்தில், எருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளையடித்த பொருள்களைச் சுமந்து வரும் ஊர்வலத்தில், இன்றும் காணலாம். 98ஆம் சங்கீதத்தில் இரண்டு கருவிகளும் ஒரே வசனத்தில் வருகின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே ‘பூரிகைகளாலும் எக்காள சத்தத்தாலும்’ என்று இரண்டையும் பிரித்தே காட்டியிருக்கிறார்கள். 150ஆம் சங்கீதத்தில் ஷோபார் வரும் இடத்தில் பழைய ஆங்கில வேதாகமம் ட்ரம்பெட் என்று எழுதுகிறது, தமிழோ எக்காளம் என்ற சொல்லையே மீண்டும் ஆள்கிறது. இதைக் கவனித்த நாளிலிருந்து அந்த மொழிபெயர்ப்பாளர்கள்மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஒரு கருவியின் பெயரைத் தேர்வதற்குள் இவ்வளவு உழைப்பு இருக்க முடியும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். ஆட்டுக்கடாவையும் அதன் கொம்பையும் குறித்த யோபேல் என்ற எபிரெயச் சொல்லிலிருந்துதான் யூபிலி வந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். திருச்சபைகள் யூபிலி ஆண்டு கொண்டாடும்போதெல்லாம் அந்தப் பெயருக்குள் ஒரு கொம்பு ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இனி ஆங்கிலச் சொல்லின் பிறப்புக்கு வருகிறேன். பழைய பிரெஞ்சில் ‘த்ரோம்ப்’ என்றால் ஊதுகொம்பு; ‘த்ரோம்பெத்’ அதன் சிறிய வடிவம். இத்தாலிய மொழியில் ‘த்ரோம்பா’ என்பதோடு பெரியது என்று காட்டும் விகுதி சேர்ந்து, பெரிய ட்ரம்பெட் என்ற பொருளில் ‘ட்ரோம்போன்’ ஆயிற்று. பிரெஞ்சு மொழியில் அதே ‘த்ரோம்ப்’ யானையின் துதிக்கைக்கும் பெயர். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாய்க்கும், பெண்ணுடலில் கருமுட்டை இறங்கும் குழாய்க்கும்கூட அங்கே அதுவே பெயர். வாத்தியம், துதிக்கை, உடலுறுப்பு மூன்றையும் ஒரே சொல் எப்படித் தாங்குகிறது என்று வியப்பதற்கு முன், மூன்றிலும் பொதுவாக இருப்பது எது என்று பாருங்கள்: உள்ளே வெறுமையாய் ஓடும் ஒரு குழல், அதன் ஒரு முனையில் விரிந்த வாய்.

உடலுறுப்பின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பாடநூல்களில் அது முற்றிலும் மறைந்துபோயிற்று. இத்தாலிய உடற்கூற்றியலாளர் கேப்ரியேல் ஃபலோப்பியோ 1561இல் வெளியிட்ட நூலில், கருப்பையிலிருந்து புறப்பட்டு முனையில் விரியும் அந்த உறுப்பு ஒரு ட்ரம்பெட்டைப் போலிருப்பதால் அதற்கு ‘தூபா’ என்று பெயரிட்டார். லத்தீனில் தூபா என்பது ரோமானியக் காலாட்படை ஊதிய நேரான நீள எக்காளம். லத்தீனில் ‘தூபுஸ்’ என்றால் குழாய்; இரண்டும் உறவுச்சொற்கள். பின்னால் ஆங்கிலத்தில் அது வெறும் ‘ட்யூப்’ ஆயிற்று, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த நாம் கருக்குழாய் என்றோம். பொருள் தவறில்லை, ஆனால் ஃபலோப்பியோ கண்ட உருவம் போய்விட்டது. கிரேக்கத்தில் ட்ரம்பெட்டுக்குச் ‘சால்பிங்ஸ்’ என்று பெயர். கருக்குழாயில் வரும் அழற்சியை மருத்துவர்கள் இன்றும் ‘சால்பிஞ்சைட்டிஸ்’ என்றுதான் எழுதுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பெண்களுக்கான ஒரு மருத்துவக் கையேட்டைத் தமிழாக்கியபோது, ‘எக்காளத்தின் வாய்போல் விரிந்த முனை’ என்று ஒரு தொடரைச் சேர்த்து எழுதினேன். படித்துப் பார்த்த செவிலியர் ஒருவர், படம் இல்லாமலேயே உறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்றார். அந்தத் தொடர் கையேட்டில் நின்றது.

பழந்தமிழில் இருந்தது என்று தொடக்கத்தில் நான் சொன்ன சொல் தூம்பு. உட்டுளை உள்ள எதுவும் தூம்புதான்: மூங்கில், வடிகால், ஏரியின் நீர் போகும் மதகு எல்லாம். மலைபடுகடாம் கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளை வரிசையாகச் சொல்லும்போது, மயிற்பீலி சூட்டிய கோடு என்ற ஊதுகொம்புக்கு அடுத்ததாகக் ‘களிற்றுயிர்த் தூம்பு’ என்ற கருவியைச் சொல்கிறது. ஆண்யானை பெருமூச்சு விட்டாற்போல் ஒலிக்கும் தூம்பு என்பது அதன் பொருள். புறநானூற்றுப் போர்க்களப் பாட்டு ஒன்று வெட்டுண்டு விழும் துதிக்கையைத் ‘தூம்புடைத் தடக்கை’ என்கிறது. துதிக்கைக்குள் தூம்பு, ஊதுகருவியும் தூம்பு, அந்தக் கருவியின் ஒலியோ யானையின் மூச்சு. பிரெஞ்சுக்காரர்கள் ‘த்ரோம்ப்’ என்ற சொல்லில் கண்ட அதே உறவை, அவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், நம் புலவர்கள் யானையை நேரில் பார்த்துக் கண்டிருக்கிறார்கள். ட்ரம்பெட்டுக்குத் தமிழ் தேடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சொல்லைத்தான். அதை இன்றைய வழக்குக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. சொல் எந்த வழியில் நடக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனவே யானை ‘ட்ரம்பெட்’ செய்தது என்று வந்தால் பிளிறியது என்று எழுதுங்கள்; எக்காளமிட்டது என்று எழுதினால் பெரும்பிழை. எக்காளமிடுதல் இன்றைய தமிழில் தோற்றவனைப் பார்த்துக் கெக்கலித்து ஆர்ப்பரிப்பது, எக்காளச் சிரிப்பு ஏளனச் சிரிப்பு. வெற்றியை ஊருக்கு அறிவித்த கருவி, காலப்போக்கில் வெற்றி பெற்றவனின் செருக்குக்குப் பெயராகியிருக்கிறது. யானை யாரையும் ஏளனம் செய்வதில்லை. தவிர, யானையின் குரல் எல்லாமே பிளிறலும் அன்று: துதிக்கை வழியே காற்றை வேகமாகச் செலுத்தி எழுப்புவது பிளிறல், குரல்வளையில் பிறக்கும் தாழ்ந்த உறுமல் வேறு. அதில் ஒரு பகுதி நம் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்தது என்பதை 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சிச் சாலையில் ஆய்வாளர் கேட்டி பெய்ன் கவனித்தார்.

ஊதுகருவிகளுக்கு நம்மிடம் பெயர்ப் பஞ்சம் இல்லை. காளம், காகளம், எக்காளம், தாரை, கொம்பு, சின்னம் என்று நீளும். கொம்பு என்பது விலங்கின் கொம்பில் தொடங்கி, பித்தளையில் வார்த்த பிறகும் பழைய பெயரை விடாத கருவி. ஆங்கிலத்தின் ‘பியூகிள்’ என்பதும் மாட்டின் பெயரிலிருந்து வந்ததுதான் என்று அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சின்னம் என்றால் இன்று தேர்தல் சின்னமும் நினைவுச் சின்னமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கோயில்களில் ஒருவரே இரண்டு மெல்லிய குழல்களை ஒருசேர வாயில் வைத்து ஊதும் திருச்சின்னம் உண்டு. திருநெல்வாயில் அரத்துறையில் ஞானசம்பந்தருக்கு முத்துச் சிவிகையோடும் முத்துக் குடையோடும் முத்துச் சின்னமும் அருளப்பட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அதற்குப்பின் சம்பந்தர் ஊர் ஊராகச் செல்லும்போது அச்சின்னம் அவர் வருகையை முன்னதாக அறிவித்துச் செல்கிறது. சின்னம் ஊதுவது என்றால் இன்னார் வருகிறார் என்று சொல்வது. அதனால் ஆங்கிலத்தில் ஒரு செய்தியை ‘ட்ரம்பெட்’ செய்தார்கள் என்று வந்தால் முரசறைந்தார்கள் என்றோ பறைசாற்றினார்கள் என்றோ எழுதலாம். பொருள் கெடாது.

இத்தனை பெயர்கள் இருந்தும், பேண்டு வாத்தியத்திலும் திரையிசையிலும் ஜாஸிலும் ஒலிக்கும் அந்தக் கருவியை ட்ரம்பெட் என்றே எழுதுவதுதான் நேர்மை என்று நான் முடிவுக்கு வந்திருக்கிறேன். காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. எக்காளமும் தாரையும் ரோமானியத் தூபாவும் நீளம் மாறாத குழல்கள். உதட்டின் இறுக்கத்தை மாற்றி, அக்குழல் இயல்பாகத் தரும் சில சுரங்களை மட்டுமே அவற்றில் எழுப்ப முடியும். ஐரோப்பிய ட்ரம்பெட்டும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. துளைகளை மூடித் திறக்கும் சாவிகள் பொருத்திய ஒரு ட்ரம்பெட்டுக்காக இசையமைப்பாளர் ஹைடன் 1796இல் ஒரு கச்சேரி இசை எழுதினார். அந்த முறை நிலைக்கவில்லை. ஜெர்மனியில் ஸ்டோல்ட்செல், ப்ளூமெல் இருவரும் 1818இல் உரிமம் பெற்ற வால்வுதான் நிலைத்தது. வழக்கமான ட்ரம்பெட்டின் குழலை நீட்டிப்போட்டால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வரும். மூன்று வால்வுகளில் நடுவில் உள்ளது சுருதியை அரைச்சுரமும், முதலாவது ஒரு முழுச்சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் இறக்குகின்றன, ஏனெனில் ஒவ்வொன்றும் குழலின் நீளத்தைக் கூட்டுகிறது. எல்லாச் சுரங்களும் பேசும் இந்தக் கருவியை எக்காளம் என்று சொன்னால் இரண்டுக்குமே நியாயம் செய்தது ஆகாது. கோயிலில் ஊதுவது எக்காளம், லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்தது ட்ரம்பெட். நாகசுரத்தை ட்ரம்பெட் வகையில் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அணசு எனப்படும் அதன் அடிவாய் விரிந்திருப்பதால் வரும் குழப்பம் அது. நாகசுரத்தில் அதிர்வது வாயில் வைத்து ஊதும் சீவாளி, ட்ரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடு.

பழைய கருவியின் குரலைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமுன் கல்லறையில் இரண்டு ட்ரம்பெட்டுகள் கிடைத்தன, அவற்றில் ஒன்று வெள்ளி. 1939இல் அவற்றை ஊதச் செய்து பிபிசி வானொலி ஒலிபரப்பியது. அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பூரிகை என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஒலிதான்.

பூக்களைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. வடிவத்தால் வந்த பெயர் அது. தாவரவியல் தமிழில் புனல் வடிவப் பூ என்பார்கள். ஆங்கிலத்தில் தேவதூதனின் ட்ரம்பெட் எனப்படும் செடி மலையூர்களில் வேலியோரம் பூத்துக் கீழ்நோக்கித் தொங்குவது; ஊமத்தையின் நெருங்கிய உறவு, அதைப் போலவே நஞ்சு. ஊமத்தை நிமிர்ந்து பூக்கும். குழந்தைகள் கைபடும் இடத்தில் இரண்டையும் வளர்க்க வேண்டாம்.

செவித்துணையாக வைத்துக்கொண்ட அகன்ற வாய்க் குழலுக்குச் செவிக்குழல் என்பது போதும். செவிப்புலன் குறைந்துவந்த இசையமைப்பாளர் பீத்தோவனுக்கு மெல்ட்செல் என்ற கருவி வினைஞர் செய்துகொடுத்த செவிக்குழல்கள் ஜெர்மனியின் பான் நகரில் அவர் பிறந்த வீட்டில் காட்சிக்கு உள்ளன. இங்கே ட்ரம்பெட் தலைகீழாக வேலை செய்கிறது: அகன்ற வாயில் ஒலியை வாங்கி, குறுகிய முனையால் காதுக்குக் கொடுக்கிறது.

சீட்டாட்டத்தின் ‘ட்ரம்ப்’ பற்றியும் நீங்கள் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அது வேறு குடும்பம். வெற்றி என்ற பொருள்படும் ‘ட்ரயம்ஃப்’ என்ற சொல் தேய்ந்து அப்படி ஆயிற்று. ட்ரம்பெட்டுக்கும் அதற்கும் ஒலியொற்றுமை தவிர உறவில்லை. குழப்பத்துக்குக் காரணம், பழைய ஆங்கிலத்தில் ஊதுகொம்புக்கும் ‘ட்ரம்ப்’ என்றே பெயர் இருந்தது. 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் பழைய ஆங்கில வேதாகமம் ‘கடைசி ட்ரம்ப்’ என்று சொல்வதைப் படித்துவிட்டுச் சீட்டை நினைக்கிறவர்கள் உண்டு. தமிழில் அங்கே ‘கடைசி எக்காளம்’ என்றிருக்கிறது, ஐயத்துக்கே இடமில்லை. சீட்டுக்குத் தமிழ்நாட்டில் துருப்பு என்றும் இலங்கையில் துரும்பு என்றும் வழங்குகிறோம். படைத் துருப்புகளுக்கும் காய்ந்த துரும்புக்கும் இவற்றோடு தொடர்பில்லை.