தாங்கியிலிருந்து வரும் பைப் அரை இஞ்சா, ஒரு இஞ்சா?

களுவாஞ்சிக்குடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: கிணற்றடியில் 12 அடி உயரத்துக்குத் தூண் போட்டு 1000 லீற்றர் தாங்கி வைக்கப் போகிறார். அங்கிருந்து நிலத்துக்குள்ளால் 35 அடி போனால் குளியலறையும் குசினியும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. பைப் வேலை செய்பவர் முழுக்க அரை இஞ்ச் போதும், ஒடுங்கின பைப்பில்தான் தண்ணீர் வேகமாக வரும் என்கிறாராம். ஹார்ட்வெயார்க்காரர் முக்கால் என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, இரண்டு பேர் சொன்னதும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. தாங்கியிலிருந்து வரும் பிரதான பைப்பை ஒரு இஞ்சில் போடுங்கள்.

ஒடுங்கின பைப்பில் வேகம் கூடும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. பூங்கன்றுக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் வாயைப் பெருவிரலால் அமத்தினால் தண்ணீர் தூரப் பாய்கிறதே, அதைப் பார்த்து வந்த எண்ணம். அங்கே ஒடுக்கம் கடைசி நுனியில் மட்டும்தான், அதற்குப் பின்னால் ஹோஸ் முழுக்க அகலமாகத்தான் இருக்கிறது. 35 அடி நீளத்துக்கும் ஒடுக்கி வைத்தால் தண்ணீர் வழி முழுக்கப் பைப்பின் சுவரோடு உரசி, இருந்த அழுத்தத்தையும் வழியிலேயே இழந்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கும்.

உங்களிடம் இருக்கிற அழுத்தமே கொஞ்சம்தான். தாங்கியின் அடிப்பாகம் 12 அடியில், ஷவர் தலை ஏறத்தாழ 7 அடியில், அப்படியென்றால் ஷவருக்குக் கிடைப்பது 5 அடி உயரத்தின் அழுத்தம் மட்டும். தாங்கி நிரம்பியிருக்கும்போது இன்னும் மூன்று நான்கு அடி கூடும், ஆனால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள், தண்ணீர் குறைந்த நேரத்திலும் குளிக்கத்தானே வேண்டும். 10 மீற்றர் உயரத்துத் தண்ணீர்தான் ஏறத்தாழ 1 பார் (bar) அழுத்தம். உங்கள் 5 அடி அதில் ஆறில் ஒரு பங்கு.

இப்போது ஒருவர் ஷவரில் நிமிடத்துக்கு 9 லீற்றர் அளவில் குளிக்கிறார், குசினியில் இன்னொருவர் 12 லீற்றர் அளவில் குழாயைத் திறக்கிறார் என்று வைப்போம். தாங்கியிலிருந்து இறங்குவது, நிலத்தில் ஓடுவது, ஏறுவது, எல்போக்கள் (வளைவு இணைப்புகள்) எல்லாவற்றையும் சேர்த்தால் 65 அடி பைப்புக்குச் சமம். முழுக்க அரை இஞ்ச் என்றால் இந்த ஓட்டத்துக்கு 10 அடிக்கு மேற்பட்ட உயரத்தின் அழுத்தம் உரசலிலேயே போக வேண்டும். கையில் இருப்பது 5 அடி. அதாவது குசினியில் குழாயைத் திறந்தவுடன் ஷவர் சொட்டத் தொடங்கும். முக்கால் இஞ்சில் 3 அடி அளவில் போய் 2 அடி மிஞ்சும், ஷவர் வரும், ஆனால் சோர்ந்து வரும். ஒரு இஞ்சில் போவது 1 அடிக்கும் குறைவு. மிச்சம் எல்லாம் ஷவருக்கே.

உங்கள் பைப்காரரைக் குறை சொல்லவில்லை. நீர் வழங்கல் சபையின் லைனில் நேரே பூட்டிய வீடுகளில் அரை இஞ்ச் நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் இந்தத் தாங்கி தருவதைவிடப் பல மடங்கு அழுத்தம் இருக்கும். அதே பழக்கத்தில் கிணற்றுத் தாங்கி வீட்டுக்கும் அரை இஞ்சை இழுத்துவிடுகிறார்கள். சபையின் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் லைன் உங்கள் பக்கம் இருந்து அதைத் தாங்கிக்கு மட்டும் எடுப்பதென்றால் அந்த இணைப்பு அரை இஞ்சாகவே இருக்கட்டும், தாங்கி ஆறுதலாக நிரம்பினால் போதும்.

சரி, எந்த இடத்தில் எந்த அளவு? ஒரு இஞ்ச் குளியலறைச் சுவர் வரைக்கும் வரட்டும். அங்கே டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு ஷவருக்கும் குசினிக்கும் முக்காலாகப் பிரியுங்கள். குழாய், பேசின், கொமட் தொட்டி ஒவ்வொன்றுக்கும் கடைசி மூன்று நான்கு அடியை மட்டும் அரையில் முடியுங்கள். இரண்டு இஞ்ச் போட்டால் இன்னும் நல்லதா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், காசுதான் போகும், இந்த ஓட்டத்துக்கு வித்தியாசம் தெரியாது.

கடையில் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பிவிசி பைப்பில் அச்சடித்திருக்கும் மில்லிமீற்றர் வெளி விட்டம். அரை இஞ்ச் என்பது 20, முக்கால் 25, ஒரு இஞ்ச் 32. ஒரே 32இல் தடிப்புக் கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு. வெளி அளவு மாறாது, தடிப்புக் கூடினால் உள் ஓட்டைதான் கொஞ்சம் சிறுக்கும். உங்கள் அழுத்தத்துக்கு மெல்லியதே தாங்கும் என்றாலும் வளவுக்குள் வாகனம் ஏறும் இடத்தில் மணலுக்குள் புதைக்கும் பைப் தடித்ததாக இருப்பது நல்லது. எஸ்எல்எஸ் 147 என்ற தர இலக்கம் பைப்பில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேறு நாட்டு அளவுமுறையில் செய்த பைப்பையும் பிற்றிங்கையும் (இணைப்புத் துண்டுகளையும்) இதோடு கலக்க வேண்டாம். பெயருக்கு இரண்டும் அரை இஞ்ச்தான், ஆனால் வெளி விட்டம் ஒன்றரை மில்லிமீற்றர் வேறுபட்டாலே ஒட்டுகிற கம் பிடிக்காது.

பைப் ஒரு இஞ்ச், ஆனால் தாங்கியில் பைப்பைப் பூட்டும் நிப்பிள் முக்கால், அதற்குக் கீழே பூட்டிய, தண்ணீரைத் திறந்து மூடும் மலிவான போல் வால்வின் ஓட்டை சுண்டுவிரல் பருமன். இப்படிப் பல வீடுகளில் பார்க்கிறேன். நிப்பிளும் ஒரு இஞ்ச் ஆகவே இருக்க வேண்டும். வால்வை வாங்கும் முன் கடையிலேயே முழுக்கத் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஓட்டை பைப்பின் உள் அளவுக்கு இருந்தால் எடுங்கள்.

ஆரையம்பதியில் ஒரு வீட்டில் ஷவர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். அரை இஞ்ச் எல்போ ஒன்றை வெட்டி எடுத்துப் பார்த்தால், உள்ளே கம் வழிந்து இறுகி ஒரு வளையமாக நிற்கிறது, அதில் வாளால் அறுத்த பிசிறு சிக்கி, பிசிறில் கிணற்றுத் தண்ணீரின் மஞ்சள் கறை படிந்து, மிச்ச ஓட்டையில் ஒரு பென்சில்தான் போகும். எங்கள் பக்கத்துச் சில கிணறுகளில் இரும்புக் கறை அதிகம், அரை இஞ்ச் பைப்புத்தான் அதில் முதலில் அடைபடும். ஆகவே அறுத்தவுடன் உள் விளிம்பைக் கத்தியால் வழித்துவிடச் சொல்லுங்கள். கம்மைப் பைப்பின் வெளிப்புறத்தில் தாராளமாகவும் எல்போவின் உள்ளே மெல்லியதாகவும் பூச வேண்டும். எல்போக்களையும் குறையுங்கள், அரை இஞ்சில் ஒரு எல்போ ஏறத்தாழ 2 அடி பைப்புக்குச் சமமான உரசல்.

கிணற்று மோட்டரைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உறிஞ்சும் பக்கத்துப் பைப் மோட்டரின் வாயைவிட ஒருபோதும் சிறுக்கக் கூடாது. ஆவணி மாதத்தில் கிணறு இறங்கும்போது அந்தத் தவறுதான் மோட்டரைக் காற்றிழுக்க வைக்கும். தாங்கிக்கு ஏற்றும் பைப்பும் ஒரு இஞ்சே. நிரம்பி வழியும் பைப் ஏற்றும் பைப்பைவிடப் பெரியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மோட்டரை நிறுத்த மறந்த நாளில் மூடியால் வழியும்.

வெயிலில் நிற்கும் பைப்புக்கு வெள்ளை எமல்ஷன் பூசிவிடுங்கள், எங்கள் வெயில் பிவிசியை நொறுங்கப் பண்ணிவிடும். கடைசி ஒட்டு முடிந்து ஒரு நாள் விட்டு, தாங்கியை நிரப்பி, சுவரைப் பூசுவதற்கு முன்பே குசினிக் குழாயையும் ஷவரையும் ஒன்றாகத் திறந்து பாருங்கள். எல்லாம் சரியென்றால் சுவரில் பைப் போன வழியைப் போனில் படம் பிடித்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள்.