தூக்குத் தண்டனை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மரண தண்டனையை முற்றாக நீக்க வேண்டும் என்று நீங்கள் அண்மையில் எழுதியதை வாசித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈவிரக்கமின்றி ஒரு குழந்தையைக் கொன்றவன் அரசாங்கச் செலவில் உண்டு உறங்கி, சில ஆண்டுகளில் நன்னடத்தை என்ற பெயரில் வெளியே வருவதை நீதி என்று எப்படி ஏற்பது? தூக்கு இருந்தால் பத்துப் பேரில் இரண்டு பேராவது அஞ்சிப் பின்வாங்கமாட்டார்களா? மனித உரிமை பேசுகிறவர்கள் கொல்லப்பட்டவரின் உரிமையைப் பற்றி ஏன் பேசுவதில்லை? உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி நேர்ந்திருந்தால் இதையே எழுதுவீர்களா? பயங்கரவாதிகளுக்காவது அந்தத் தண்டனை இருக்க வேண்டாமா? கோபத்தில் கேட்கவில்லை, விடை தேடித்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கேள்விகளில் மிக வலுவானது முதல் கேள்வி. அச்சத்தைப் பற்றிய கேள்வி அத்தனை வலுவானதாக எனக்குப் படவில்லை என்பதால், அதை முதலில் முடித்துவிடுகிறேன். நிறைவேற்றப்படும் ஒவ்வொரு மரண தண்டனையும் ஏழெட்டுக் கொலைகளைத் தடுப்பதாக 1975இல் ஐசக் எர்லிக் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கணக்கிட்டார். அதை ஆதரித்தும் மறுத்தும் ஏராளமான ஆய்வுகள் வந்தன. 2012இல் அந்நாட்டின் தேசிய ஆய்வு மன்றம் அவற்றைப் பரிசீலித்து, இத்தண்டனையால் கொலை குறைகிறதா, கூடுகிறதா, மாற்றமே இல்லையா என்று தீர்மானிக்க அந்த ஆய்வுகள் உதவமாட்டா என்று சொல்லிவிட்டது. கனடா 1976இல் கொலைக்கான மரண தண்டனையை நீக்கியது. பின்வந்த ஆண்டுகளில் அங்கே கொலை விகிதம் குறைந்தது. நீக்கியதால்தான் குறைந்தது என்று என் தரப்பு நண்பர்கள் மேடையில் முழங்கும்போது எனக்குக் கூச்சமாகவே இருக்கும். ஒப்பிட வேண்டியது தூக்கையும் ஆயுள் சிறையையும்தான். பிடிபடமாட்டோம் என்று நம்பித் திட்டமிடுகிறவனும், வெறியில் கத்தியை எடுக்கிறவனும் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்த்துத் தயங்குவார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் ஏதும் தென்படவில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. ஒரு சமூகம் தன்னைக் கலைத்துக்கொள்ள முடிவெடுத்தாலும், சிறையில் இருக்கும் கடைசிக் கொலையாளியைத் தண்டித்த பிறகே கலைய வேண்டும் என்று தத்துவவாதி இமானுவேல் காண்ட் வாதிட்டார். கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் அந்த வாதத்தில் ஒரு நேர்மை உண்டு. பிறரை மிரட்டுவதற்கு உதவும் பொம்மையாகக் குற்றவாளியைக் கருதாமல், தன் செயலுக்குத் தானே பொறுப்பான மனிதனாக அது நடத்துகிறது. சில குற்றங்களின் விவரங்களை வாசிக்கையில் செய்தவன் சாகத் தகுந்தவன் என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது. அதை மறைத்துக்கொண்டு பேசினால் அது பாசாங்கு. ஆனால் அத்தகையவர்களை நீதிமன்றங்கள் பிழையின்றி, ஒரே அளவுகோலால் பிரித்தெடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. என் எதிர்ப்பு முழுவதும் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வரைக் கொன்றதற்காக மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. குற்றம் ஒன்று; மூவரின் பங்கும் ஒன்றுதான். அவர்கள் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். முதலாமவரின் மனு 1976இல் தள்ளுபடியானது. இரண்டாமவரின் வழக்கு வேறு அமர்வின் முன் சென்றது. அந்த அமர்வு 1977இல் அவருடைய தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மூன்றாமவரின் மனுவும் தள்ளுபடியாகி, கருணை மனுவும் நிராகரிக்கப்பட்டது. 1981 அக்டோபர் 6 அன்று முதலாமவர் தூக்கிலிடப்பட்டார். அதற்குள் மூன்றாமவர் மீண்டும் நீதிமன்றத்தை அணுகித் தடையாணை பெற்றிருந்ததால் உயிர் தப்பினார். அதே குற்றத்தில் ஒருவருக்குத் தண்டனை குறைக்கப்பட்டிருப்பதை நீதிபதிகள் அப்போதுதான் கவனித்தார்கள். இனிமேல் ஒருவரைத் தூக்கிலிடுவதற்கு முன், அவருடைய கூட்டாளிகளில் எவருக்கேனும் தண்டனை குறைக்கப்பட்டிருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளர் விசாரித்தறிய வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள். ஒருவர் செத்த பிறகு வந்த உத்தரவு அது. ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று 1980இல் ஐவர் அமர்வு வகுத்தபோது, நீதிபதி பகவதி மட்டும் மாறுபட்டார். ஒருவர் வாழ்வதும் சாவதும் எந்த அமர்வின் முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்ததாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்த மூவரின் வழக்கு அதைத்தான் காட்டுகிறது.

ஆளே மாறிப்போவது இதைவிடப் பெரிய பிழை. ஜப்பானில் இவாவோ ஹகமாதா என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர், 1966இல் நான்கு பேர் கொல்லப்பட்ட வழக்கில் கைதாகி, 1968இல் மரண தண்டனை பெற்றார். கொலை நடந்து ஓராண்டு கடந்த பிறகு மிசோ என்ற சோயா விழுது தயாரிக்கும் ஒரு தொட்டியிலிருந்து எடுக்கப்பட்ட, ரத்தக்கறை படிந்த உடைகள்தாம் முக்கியச் சான்று. மேல்முறையீட்டின்போது அணிவித்துப் பார்த்ததில் அந்தக் கால்சட்டை அவருக்குச் சேரவில்லை. ஆனாலும் தண்டனை நின்றது. 1968இல் தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர், தாம் அவரை நிரபராதி என்றே நம்பியதாக 2007இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்நாட்டில் தூக்கிலிடப்படும் நாள் கைதிக்கு அன்று காலையில்தான் தெரிவிக்கப்படுகிறது. தண்டனை இறுதியான 1980இலிருந்து 2014 வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவர் அப்படிக் காத்திருந்தார், மனநிலை சிதைந்துபோயிற்று. 2024இல் அந்த உடைகள் புனையப்பட்ட சான்று என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தபோது அவருக்கு வயது 88. உயிரோடு இருந்ததால் அந்தத் தீர்ப்பாவது அவருக்குக் கிடைத்தது. பிரிட்டனில் 1950இல் தூக்கிலிடப்பட்ட டிமதி எவன்ஸுக்கு அதுவும் இல்லை. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர் தொடர்கொலையாளி என்பது மூன்றாண்டு கழித்துத்தான் வெளிப்பட்டது. எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு வழங்கினார்கள்.

என் வீட்டில் நேர்ந்திருந்தால் அவனைக் கொல்ல வேண்டும் என்றுதான் நானும் கேட்கக்கூடும். அந்தக் குரலை நீதிமன்றம் செவிமடுக்க வேண்டும். தண்டனையின் அளவை அதைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. தீர்மானித்தால், அழுவதற்கு ஒருவரும் இல்லாத அநாதையைக் கொன்றவனுக்குக் குறைந்த தண்டனை போதும் என்று ஆகிவிடும். கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குத் தூக்குத் தண்டனை தருவதும் பெரும்பாலும் காத்திருப்பைத்தான்; மேல்முறையீடு, சீராய்வு, கருணை மனு என்று வழக்கு இழுபட, ஒவ்வொரு முறையும் அவர்கள் பழையதையெல்லாம் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. கருணை மனுக்கள் ஆண்டுக்கணக்கில் முடிவின்றிக் கிடந்ததை முக்கியக் காரணமாகக் கொண்டு 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது.

சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடுகிறார்களே என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டுகளுக்கு முன் விடக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. 14 ஆண்டு முடிந்ததும் விட்டாக வேண்டும் என்று எங்கும் இல்லை. தூக்குக்குப் பதிலாக, தண்டனைக் குறைப்புக்கு இடமில்லாத வாழ்நாள் சிறையை விதிக்கலாம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது.

பயங்கரவாதத்துக்கு மட்டும் விதிவிலக்கு என்ற உங்கள் யோசனையைத்தான், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பதையும் சேர்த்து, 2015இல் சட்ட ஆணையமும் தன் 262ஆவது அறிக்கையில் முன்வைத்தது. எனக்கு அதில் பெரும் தயக்கம் உண்டு. நாடே கொதித்துக்கொண்டிருக்கும்போது, யாரையாவது பிடித்தாக வேண்டிய நெருக்கடியில், சிறப்புச் சட்டங்களின் கீழ் நடத்தப்படுபவை அந்த வழக்குகள். பயங்கரவாதத் தடுப்புக்கென வந்த தடா சட்டம் காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தையே சான்றாக ஏற்றது. உயர் நீதிமன்ற மேல்முறையீட்டையும் எடுத்துவிட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்தது. அந்த நால்வரின் தண்டனையும் பின்னர் குறைக்கப்பட்டு, 2022இல் அவர்கள் விடுதலையானார்கள். முதல் தீர்ப்பில் 26 பேரில் 19 பேரைப் பற்றித் தவறியிருக்கக்கூடிய வகை வழக்குகளுக்கென்றே தூக்கை ஒதுக்கி வைத்துக்கொள்வதற்கு என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அன்புடன்